ஆர்கன் மேடைக்கு ஓர் இடம்: சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கும் மைதான ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

இல்லினாய் விளையாட்டு வசதிகள் ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும், சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

முப்பத்தைந்தாம் தெருவில் இருக்கும் இன்றைய மைதானத்துக்கான குத்தகை 2029ஆம் ஆண்டுப் பருவத்தோடு முடிகிறது. அதன் பிறகு அணி எங்கே ஆடும், புதிய மைதானம் எழுமா, எழுந்தால் யார் செலவில் எழும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே நகரில் நடந்து வருகிறது. இடத்தையும் பணத்தையும் பற்றிச் சொல்வதற்கு என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அணி இங்கேயே தங்கினாலும் வேறிடம் போனாலும், ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்திலும் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தபடி, விசைக்கட்டைகள் கொண்ட இசைக்கருவியான ஆர்கனை வாசிக்கும் ஒரு கலைஞருக்கு அந்த மைதானத்தில் நிலையான இடம் இருக்க வேண்டும். அந்த இடம் கட்டட வரைபடத்திலும் குத்தகைப் பத்திரத்திலும் எழுதப்பட வேண்டும்.

இம்மடலை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்புகிறேன். முதலில் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்த அணியை நான் அறிந்துகொண்டதே தமிழில்தான் என்பது. அப்பா 1966இல் கும்பகோணத்திலிருந்து மேற்படிப்புக்காக இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்தார். அந்தக் கல்லூரி வளாகத்துக்கும் ஒயிட் சாக்ஸ் அணி அப்போது ஆடிய பழைய கமிஸ்கி பார்க் மைதானத்துக்கும் இடையே டான் ரயன் நெடுஞ்சாலையும் ரயில் தண்டவாளங்களும்தான் குறுக்கே கிடந்தன. முப்பத்தைந்தாம் தெருவில் மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் மைதானத்தின் வெள்ளைச் சுவர் வந்துவிடும். நான் அடுத்த ஆண்டு, நகரின் தெற்குப் பகுதியான அதே சவுத் சைடில் பிறந்தேன். ஊரில் கணக்குப்பிள்ளை வைத்திருப்பது போன்ற நீள நோட்டுப் புத்தகத்தில் அப்பா ஆட்டங்களைக் குறித்து வைப்பார். கட்டங்களுக்குள் எல்லோரையும் போல ஆங்கில எழுத்தும் எண்ணும். பக்க ஓரத்தில் மட்டும் தமிழில் அன்று ஆர்கனில் என்ன பாட்டு, எந்தச் சமயத்தில் ஒலித்தது என்ற குறிப்பு. அப்படிப்பட்ட நோட்டுகள் பதினான்கு என்னிடம் இருக்கின்றன. ஆட்டத்தை வரவேற்பறையில் உட்கார்ந்து எனக்கு மறுபடி சொல்லும்போது அவர் கட்டங்களைவிட அந்த ஓரக் குறிப்புகளைத்தான் அதிகம் பார்த்தார்.

நான்சி ஃபாஸ்ட் 1970இல் ஒயிட் சாக்ஸின் ஆர்கன் கலைஞராகப் பணியில் சேர்ந்தார். 2010 வரை நாற்பத்தொரு பருவங்கள் வாசித்தார். அவருக்கு முன்பும் பேஸ்பால் மைதானங்களில் ஆர்கன் இருந்தது. நேர்மையாகச் சொல்வதானால், பெரிய லீக் மைதானம் ஒன்றில் ஆர்கனை முதலில் ஒலிக்கச் செய்தவர்கள் எங்கள் வடக்குப் பகுதிப் போட்டியாளர்களான கப்ஸ் அணியினர்தாம். அது 1941இல் அவர்களுடைய ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் நடந்தது. ஆனால் அக்கால ஆர்கன் இசை பெரும்பாலும் ஆட்டத்துக்குப் பின்னணியாகவே இருந்தது. நான்சி ஃபாஸ்ட் வானொலியில் அன்றன்று ஓடிக்கொண்டிருந்த பாப், ராக் பாட்டுகளைக் கையில் எடுத்து, அந்தந்த ஆட்டக்காரருக்கும் அந்தந்தக் கணத்துக்கும் பொருந்தும்படி வாசித்தார். 1972இல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற டிக் ஆலன் மட்டை வீச வரும்போதெல்லாம் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ மெட்டு எழும். இன்று எல்லா அணிகளிலும் ஒவ்வொரு மட்டையாளருக்கும் தனிப் பாட்டு ஒலிக்கிறதே, அந்த வழக்கத்துக்குத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றை நான் இங்கேதான் வைப்பேன். அப்பாவின் 1972ஆம் ஆண்டு நோட்டில் பல பக்கங்களின் ஓரத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘ஆலன் வந்தார். அதே பாட்டு.’

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது, ஆர்கன் இருக்கும் இடத்துக்கு அருகே அப்பா என்னை அழைத்துச் சென்று நிற்க வைத்தார். அன்று நான் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. வாசிப்பவரின் இரு கைகளும் கட்டைகளுக்கு ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில் நின்றன. பாதங்கள் கீழ்க்கட்டைகளின் மேல் தயாராக இருந்தன. கண்கள் மட்டும் மைதானத்தின் நடுவில் இருந்தன. பந்தெறிபவர் காலைத் தூக்கும்வரை சின்னச் சின்ன ஸ்வரங்களாக ஏறிக்கொண்டே போன இசை, அவர் காலைத் தூக்கிய கணத்தில் துண்டாக நின்றது. பந்து மட்டையில் பட்டு வெளியே போனதும், கூட்டம் உச்சுக் கொட்டி முடிப்பதற்குள் அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. அப்பா குனிந்து, “சுவாமி புறப்பாட்டில் நாயனக்காரர் பல்லக்கைப் பார்த்து வாசிப்பார், தெரியுமா? பல்லக்கு நின்றால் அவரும் நிற்பார், அது வீதி திரும்பினால் ராகமும் திரும்பும். இந்த அம்மாவும் அப்படித்தான்” என்றார். புறப்பாட்டை அதுவரை நான் பார்த்ததில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கும்பகோணத்தில் முதன்முறையாகப் பார்த்தபோது எனக்குக் கமிஸ்கி பார்க்தான் நினைவுக்கு வந்தது.

பதிவு செய்த இசைக்கும் நேரில் வாசிக்கும் ஆர்கனுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியவில்லை. பதிவு செய்த பாட்டு நல்ல பாட்டாகவே இருக்கலாம். எனக்கும் பிடித்தவை அதில் நிறைய உண்டு. ஆனால் அது ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. நடுவரோடு பயிற்சியாளர் வாதாட எழுந்து நடக்கும் தூரம் எவ்வளவு என்றோ, பந்து பிடிக்கத் தவறிய இளைஞன் தலை குனிந்து நிற்கிறான் என்றோ, மூன்றாம் அடுக்கில் ஒரு குழந்தை தானாகக் கைதட்டத் தொடங்கியிருக்கிறது என்றோ அதற்குத் தெரியாது. ஆர்கன் வாசிப்பவர் அந்தக் குழந்தையின் கைதட்டலைக் கேட்டுத் தாளமாக எடுத்துக்கொள்வார். இரண்டு நிமிடத்தில் முப்பதாயிரம் பேர் அதே தாளத்தில் தட்டுவார்கள்.

ஏழாம் இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று ‘டேக் மீ அவுட் டு த பால் கேம்’ என்ற 1908ஆம் ஆண்டுப் பாட்டைப் பாடும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். வர்ணனையாளர் ஹாரி கேரி அதைப் பாட, ஆயிரக்கணக்கானோர் உடன் பாடுவது ரிக்லி ஃபீல்டின் சொத்து என்று நாடே நம்புகிறது. அது எங்கள் வீட்டில் பிறந்த குழந்தை. கேரி 1971 முதல் 1981 வரை ஒயிட் சாக்ஸ் ஆட்டங்களை வர்ணித்தவர். ஏழாம் இன்னிங்ஸில் அவர் தமக்குத் தாமே அந்தப் பாட்டை முணுமுணுப்பதைக் கவனித்த அன்றைய உரிமையாளர் பில் வீக், 1976இல் ஒருநாள் அவருக்குத் தெரியாமலே ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டார். கேரியின் குரல் இனிமையான குரல் அன்று. அதனாலேயே ஒவ்வொருவரும் தம்மாலும் பாட முடியும் என்று நம்பிச் சேர்ந்துகொள்வார்கள் என்பது வீக்கின் கணக்கு. அந்தக் குரலைத் தாங்கிப் பிடித்தது நான்சி ஃபாஸ்டின் ஆர்கன். 1982இல் கேரி வடக்கே போனபோது வழக்கமும் அவரோடு போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. எது எங்கே பிறந்தது என்பதை எழுதி வைக்காவிட்டால் இப்படித்தான் கைமாறிப் போகும் என்பதால் இதை உங்கள் முன் வைக்கிறேன்.

1977ஆம் ஆண்டுக் கோடையை அறிந்த எந்தச் சவுத் சைடுக்காரரிடம் கேட்டாலும் கண்ணில் வெளிச்சம் வரும். அந்த அணி 192 ஹோம் ரன்கள், அதாவது பெரும்பாலும் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடிகள், அடித்தது. ஆஸ்கார் கேம்பிள் 31, ரிச்சி சிஸ்க் 30. இருவரும் அந்தப் பருவம் முடிந்ததும் எங்களை விட்டுப் போனவர்கள். கோடையின் நடுவில் முதலிடத்தில் இருந்த அணி, முடிவில் 90 வெற்றிகளோடு மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. கோப்பை இல்லை, பதாகை இல்லை. இருந்தும் அந்த ஆண்டு இன்றுவரை பாடப்படுகிறது என்று சொன்னால் அது மிகையன்று. எதிரணியின் பந்தெறிபவர் அடி தாங்காமல் மாற்றப்பட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு தனியாக நடந்து வெளியேறும்போது, நான்சி ஃபாஸ்ட் ‘நா நா ஹே ஹே கிஸ் ஹிம் குட்பை’ என்ற 1969ஆம் ஆண்டுப் பாட்டின் மெட்டை வாசித்தார். கூட்டம் சொற்களைத் தானாகப் போட்டுக்கொண்டது. யாரும் திரையில் எழுதிக் காட்டவில்லை, யாரும் பாடச் சொல்லவுமில்லை. பத்து வயதுப் பையனாக அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இருக்கையின் மேல் நின்று நானும் பாடினேன்; காலடியில் பலகை அதிர்ந்ததை உள்ளங்காலில் உணர்ந்தேன். மறந்துபோயிருந்த அந்தப் பாட்டு மீண்டும் உயிர் பெற்றதற்காக அவருக்கு இசைத்தட்டு நிறுவனம் தங்கத் தட்டு வழங்கியது. இன்று அமெரிக்காவில் எந்த விளையாட்டு அரங்கில் தோற்பவரை வழியனுப்ப அந்தப் பல்லவி ஒலித்தாலும், அது முப்பத்தைந்தாம் தெருவிலிருந்து போன ஒலி.

எங்கள் மைதானத்தின் இசை நினைவுகள் எல்லாமே மகிழ்ச்சியானவை அல்ல. அவ்வாறு எழுதினால் இம்மடல் பொய்யாகிவிடும். 1979 ஜூலை 12 அன்று, டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவு என்று அறிவிக்கப்பட்டு, டெட்ராய்ட் அணியோடு நடந்த இரு ஆட்டங்களுக்கு நடுவே அந்தத் தட்டுகள் மைதானத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் களத்துக்குள் இறங்கியது. புல்தரை கிழிந்தது. இரண்டாம் ஆட்டம் நடத்த முடியாமல் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. அப்பா அன்று போகவில்லை. வானொலியில் கேட்டுக் குறித்தார். முதல் ஆட்டம் 4–1 என்று டெட்ராய்டுக்குப் போனதைக் கட்டங்கள் சொல்கின்றன. இரண்டாம் ஆட்டத்துக்காகக் கோடு போட்டு வைத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஓரத்தில்கூட ஒரு சொல் இல்லை. அன்று மைதானத்தில் ஊழியராக நின்றிருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், வந்து குவிந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில ஆண்டுகளிலேயே இதே சிகாகோவில் டிஸ்கோவின் வழிவந்த ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தபோது அதைப் பெற்றெடுத்தவர்களில் அவரும் ஒருவர் ஆனார். கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென இருந்த நீக்ரோ லீக் அணிகளின் கிழக்கு–மேற்கு ஆட்டத்தை 1933 முதல் நடத்திய மைதானம், 1951இல் ஒயிட் சாக்ஸின் முதல் கறுப்பின ஆட்டக்காரரான மினி மினோசோவை வரவேற்ற மைதானம், ஒரு மாலையில் தன் அண்டை வீட்டாரின் இசையை எரித்தது. அந்த இரவை விழாவாகக் கொண்டாடுவது எனக்கு எக்காலத்திலும் ஏற்புடையதன்று. இதை நினைவூட்டுவதற்குக் காரணம், மைதானத்தில் ஒலிக்கும் இசையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யாரை உள்ளே அழைக்கிறார்கள், யாரை வெளியே தள்ளுகிறார்கள் என்பது அற்பக் கேள்வி அன்று என்பதே. அதே பத்தாண்டில் அதே மைதானத்தில் ஆர்கனில் எல்லோருடைய பாட்டும் வந்தது. சோல் வந்தது, ராக் வந்தது, போலந்துக் குடும்பங்களின் போல்காவும் வந்தது.

ஆர்கன் எங்களுக்கு அந்நியமான கருவியும் அன்று. சுழலும் உலோகச் சக்கரங்களைக் காந்தங்களுக்கு அருகே ஓடவிட்டு அதிலிருந்து ஸ்வரங்களை எழுப்பும் ஹாமண்ட் ஆர்கன் 1930களில் இதே சிகாகோவில் உருவானது. குழல் ஆர்கன் வாங்கப் பணமில்லாத சிறு தேவாலயங்கள் அதை வாங்கின. சவுத் சைடின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அதுவே குரலாயிற்று. அப்பா படித்த வளாகத்துக்குக் கிழக்கே மிக அருகில், முப்பத்துமூன்றாம் தெருவும் இண்டியானா அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயம் இருந்தது. கறுப்பினத் தேவாலயங்களின் பக்தி இசையான காஸ்பல் இசையின் தந்தை எனப் போற்றப்படும் தாமஸ் டோர்சி பல பத்தாண்டுகள் இசைப் பொறுப்பில் இருந்த இடம் அது. 2006 ஜனவரியில் தீ அதை விழுங்கி வெளிச்சுவர்களை மட்டும் விட்டது. ஒரு கட்டடம் போனால் அதில் ஒலித்தது எங்கே தங்கும் என்ற கேள்வி இந்தப் பகுதிக்காரர்களுக்குப் புத்தகக் கேள்வி அன்று.

ஆணையத்தின் உறுப்பினர்களே, உங்கள் ஆணையம் 1987இல் இந்த அணிக்காகவே பிறந்தது. 1988 ஜூன் 30 நள்ளிரவில், அணி ஃபுளோரிடாவுக்குப் போய்விடும் என்ற நிலையில், மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டின் சட்டமன்றத்தில் கடிகாரத்தைப் பொருட்படுத்தாமல் வாக்கெடுப்பு நடந்து புதிய மைதானத்துக்கு வழி பிறந்தது. அணி தங்கியதற்கு நான் இன்றும் நன்றியுள்ளவன். ஆனால் அதற்கு விலையாகப் பழைய கமிஸ்கி பார்க் போயிற்று. 1990 செப்டம்பர் 30 அன்று சியாட்டில் அணியை 2–1 என்று வென்ற கடைசி ஆட்டத்தில் அப்பாவும் நானும் இருந்தோம். வெளியே வரும்போது அவர் அந்த 1977 பல்லவியை மிக மெல்லிய குரலில், பாட்டு என்று தெரியாதபடி, மாடிப்படி முடியும்வரை பாடிக்கொண்டே வந்தார். யாரை வழியனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. இன்று அந்த மைதானம் இருந்த இடம் வாகன நிறுத்துமிடம். மட்டையாளர் நின்று ஆடும் ஹோம் பிளேட் இருந்த இடத்தில் ஒரு பளிங்குக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. 1991 ஏப்ரல் 18 அன்று சாலைக்கு மறுபுறம் புதிய மைதானம் திறந்து, முதல் ஆட்டத்திலேயே 16–0 என்று தோற்றோம். கட்டடம் புதிது, இருக்கைகள் புதிது, வாசனைகூடப் புதிது. ஆனால் ஆர்கன் ஒலித்தது, அதை வாசித்தவரும் அவரே. அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எங்களில் பலர் சாலையைக் கடந்தோம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

2005ஐப் பற்றி நான் விரித்து எழுதத் தேவையில்லை. ஹூஸ்டனில் 1–0 என்று வென்று உலகத் தொடர்க் கோப்பையைப் பெற்றோம். எண்பத்தெட்டு ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. ஊர்வலத்தில் ‘டோண்ட் ஸ்டாப் பிலீவின்’ பாட்டை அதன் மூலப் பாடகரே வந்து பாடினார். அப்பா கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தை அன்றிரவு நிரப்பினார், 2014இல் மறைந்தார். 2024இல் 121 தோல்விகளோடு, நவீன காலத்தில் மிக அதிகத் தோல்விகள் கண்ட பருவத்தைக் கடந்தபோதும் நான் மைதானத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அத்தகைய பருவங்களில்தான் ஆர்கனின் அருமை தெரியும். எட்டு ஓட்டம் பின்தங்கிய ஆறாவது இன்னிங்ஸில், பாதி காலியான அரங்கில், யாரோ ஒருவர் ஆட்டத்தை இன்னும் கவனித்து வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பது எஞ்சியிருப்பவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அங்கே உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். 2011 முதல் நான்சி ஃபாஸ்டின் இடத்தில் அமர்ந்த லோரி மோர்லேண்டுக்கு இவ்விடத்தில் என் நன்றி.

ஆகவே என் வேண்டுகோளைத் தெளிவாக வைக்கிறேன். அடுத்த குத்தகை எந்த மைதானத்துக்காக எழுதப்பட்டாலும், உள்ளூர் ஆட்டங்கள் அனைத்துக்கும் சம்பளத்துடன் ஓர் ஆர்கன் கலைஞர் இருப்பார் என்ற ஒரு வரி அதில் இடம்பெற வேண்டும். விடுமுறை நாட்களுக்கும் பழைய நினைவு விழாக்களுக்கும் மட்டும் அழைக்கப்படும் விருந்தாளியாக அவர் ஆகிவிடக் கூடாது. அவர் அமரும் இடம் கட்டுப்பாட்டு அறைகளின் நடுவில் கண்ணாடிக்குப் பின்னே மறைந்திருக்காமல், மைதானம் முழுவதும் அவருக்குத் தெரியும்படியும், மிக மலிவான சீட்டு வாங்கிய குழந்தையும் படியேறி வந்து அவர் கைகளைப் பார்க்கும்படியும் இருக்க வேண்டும். இன்னிங்ஸ்களுக்கு இடையிலான நேரத்தில் விளம்பரத்துக்கும் பதிவு இசைக்கும் பங்கு போனது போக, பந்தெறிபவர் மாறும் நேரமேனும் ஆர்கனுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். வெளியேறும் பந்தெறிபவரின் அந்த நடை ஆர்கனுக்குரியது. இந்த ஆணையத்துக்கு விடுதி வரி உள்ளிட்ட பொதுப் பணம் வருவதால், இக்கருவியும் அதன் இடமும் பொதுச்சொத்தாகவே பதிவாவது முறை. நாற்பத்தொரு பருவங்களின் வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளில் கேட்கும் ஆர்கன் இசையைத் தொகுத்து, நகர நூலகம் ஒன்றில் எவரும் கேட்கும்படி வைக்கவும் நீங்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தொகுப்புக்கு அப்பாவின் பதினான்கு நோட்டுகளையும் தர நான் தயாராக இருக்கிறேன். ஓரக் குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன். நான்காவது நோட்டு நடந்துகொண்டிருக்கிறது. சில இடங்களில் பாட்டின் பெயர் அவருக்குத் தெரியாததால், மெட்டை ஸ, ரி, க என்று எழுதி வைத்திருக்கிறார். 1974இல் ஒரு புதன்கிழமை ஆட்டத்தில், ஐந்தாம் இன்னிங்ஸின் எதிரே, ஒரு வரி நீளத்துக்கு அப்படி ஸ்வரங்கள் இருக்கின்றன. அது எந்தப் பாட்டு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மைதானத்தின் ஆர்கனில் யாரேனும் அதை ஒருமுறை வாசித்துக் காட்டினால், கேட்டவுடன் சொல்லக்கூடியவர்கள் அந்த இருக்கைகளில் இன்னும் இருப்பார்கள்.

மிகுந்த மதிப்புடன்,
சவுத் சைடில் பிறந்து வளர்ந்த ஒரு ரசிகன்
சிகாகோ